ஒரே பாத்ரூம், மூன்று பிள்ளைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் பிள்ளைகள் மூன்று பேர், பாத்ரூம் ஒன்று. பெரியவளுக்கு 15 வயது, நடுவில் உள்ளவனுக்கு 11, கடைக்குட்டிக்கு 6. நானும் கூடப்பிறந்தவர்கள் நான்கு பேரோடு ஒரே பாத்ரூமில் வளர்ந்தவள்தான், ஆனால் அப்போது வரிசையில் நின்றது ஒரு அனுபவம், இப்போது அந்த வரிசையைச் சமாளிப்பது வேறு அனுபவம். தோழிகளும் சொந்தக்காரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, எங்களுக்கு எது உதவியதோ அதை வைத்து இங்கே எழுதியிருக்கிறேன்.

காலையில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கதவு முன்னால் நிற்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஒரு நோட்டை எடுத்து மூன்று நாள் சும்மா எழுதுங்கள். யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார்கள், எத்தனை மணிக்கு வெளியே வந்தார்கள், உள்ளே என்ன செய்தார்கள். திட்டவும் வேண்டாம், அவசரப்படுத்தவும் வேண்டாம், எழுதினால் போதும்.

நான் இதைச் செய்வதற்கு முன்னால், பெரியவள் ரொம்ப நேரம் குளிக்கிறாள் என்று வீட்டில் எல்லோரும் அவளைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். எழுதிப் பார்த்தபோது அவள் உள்ளே இருந்தது 34 நிமிடம், அதில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது வெறும் 9 நிமிடம். மீதி நேரமெல்லாம் தலை துவட்டுவது, சிக்கெடுப்பது, பின்னல் போடுவது, முகத்துக்குக் கிரீம் தடவுவது, உடை மாற்றுவது. குளிக்கிற நேரத்தைப் பார்த்தால் அவளுடைய தம்பிதான் அவளைவிட அதிகம் எடுத்துக்கொண்டிருந்தான். வீட்டில் நல்ல வெளிச்சமுள்ள கண்ணாடி பாத்ரூமில் மட்டும்தான் இருந்தது, அதனால் அவளும் அங்கேயே நின்றாள்.

அன்று சாயங்காலமே படுக்கையறைச் சுவரில் ஒரு கண்ணாடியை மாட்டி, பக்கத்தில் துண்டுக்கு ஒரு கொக்கியும், சீப்பு, ஹேர்பின், கிரீம் வைக்க ஒரு சின்னத் தட்டும் வைத்தோம். இரண்டாவது நாளிலிருந்து 15 நிமிடத்தில் வெளியே வந்துவிட்டாள், சீக்கிரம் வா என்று யாரும் சொல்லவே இல்லை. அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: தண்ணீர் தேவைப்படும் வேலை மட்டும் பாத்ரூமுக்குள் நடக்கட்டும், மற்றதையெல்லாம் வெளியே கொண்டு வந்துவிடுங்கள். முடி உலர்த்துவது, நகம் வெட்டுவது, முகப்பருவுக்கு மருந்து போடுவது, உடை மாற்றுவது எல்லாம் வெளியே நடக்கக்கூடியவை. பல் தேய்ப்பதைக்கூட அவசரத்துக்கு வேறு எந்தக் குழாயடியிலும் முடித்துக்கொள்ளலாம்.

யார் முதலில் போக வேண்டும்? பெரியவர்களா, சின்னவர்களா?

வயதை வைத்துப் பார்க்காதீர்கள். வீட்டை விட்டு யார் முதலில் கிளம்ப வேண்டுமோ அவர்களிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஒருவர் 7.30-க்குக் கிளம்ப வேண்டும், சாப்பிட்டு உடை மாற்ற 40 நிமிடம் வேண்டும் என்றால் அவர் 6.50-க்குள் பாத்ரூமை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். இப்படி மூன்று பேருக்கும் போட்டுப் பார்த்தால் வரிசை அதுவாகவே வந்துவிடும்.

இருவர் ஒரே நேரத்தில் கிளம்பினால் சின்னவரை முதலில் அனுப்புங்கள். பருவ வயதில் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்குகிறது, அதனால் 14, 15 வயதுப் பிள்ளைக்குச் சீக்கிரம் தூக்கம் வராது, காலையில் எழுந்திருக்கவும் சிரமப்படும். அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டி முதல் ஆளாக எழுப்பிவிட்டால் அரைத்தூக்கத்தில் உள்ளே போய் நின்றுகொண்டிருக்கும். சின்னப் பிள்ளைகள் பொதுவாக விடிந்ததும் தானாகவே எழுந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, மூன்று பேருமே காலையில்தான் குளிக்க வேண்டுமா? ஒருவரை இரவுக் குளியலுக்கு மாற்றிப் பாருங்கள். எங்கள் நடுப்பையன் சாயங்காலம் விளையாடி அழுக்கோடு வருகிறவன், அவனுக்கு இரவுக் குளியல்தான் சரியாக இருந்தது. காலை வரிசையில் ஒரு ஆள் குறைந்தால் வீடே மூச்சு விடும்.

அட்டவணை எழுதி ஒட்டினால் வேலைக்கு ஆகுமா?

நீங்கள் எழுதி ஒட்டினால் நான்கு நாள் தாங்கும். அவர்களே உட்கார்ந்து பேசி, அவர்கள் கையெழுத்தில், பென்சிலில் எழுதினால் அதிக நாள் தாங்கும், ஏனென்றால் மாற்ற வேண்டி வந்தால் அழித்துவிட்டு எழுதலாம். இருவருக்கு நடுவில் 5 நிமிடம் இடைவெளி விடச் சொல்லுங்கள். ஒருவர் முடித்த அதே நிமிடத்தில் அடுத்தவர் முறை என்று எழுதினால் முதல் ஆள் இரண்டு நிமிடம் தாமதித்தாலும் கடைசி ஆள்தான் மாட்டிக்கொள்வார். கடைசி ஆள் எப்போதும் ஒரே பிள்ளையாக இருக்கக் கூடாது, மாதம் ஒரு முறையாவது மாற்றுங்கள்.

ஒருவர் குளித்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவருக்கு அவசரமாக வந்துவிட்டால்?

டாய்லெட்டுக்குத்தான் முதல் உரிமை. இதில் பேரம் பேச இடமே கிடையாது என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை, காரணம் சொல்கிறேன்.

கடைக்குட்டிக்கு 5 வயது இருக்கும்போது அடிக்கடி வயிற்று வலி என்று அழுதான். டாக்டரிடம் போனால் மலச்சிக்கல் என்றார். அவர் கேட்ட முதல் கேள்வி, காலையில் நிதானமாக உட்கார நேரம் கிடைக்கிறதா என்பதுதான். யோசித்துப் பார்த்தால் கிடைக்கவில்லை. அவன் உட்காரும்போதெல்லாம் வெளியே யாராவது ஒருவர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள், அவனும் பாதியிலேயே எழுந்து வந்துகொண்டிருந்தான், அப்புறம் அடக்கிக்கொள்ளவே பழகிவிட்டான். பிள்ளைகள் மலத்தை அடக்கினால் அது இறுகும், இறுகினால் போகும்போது வலிக்கும், வலிக்குப் பயந்து மறுபடி அடக்குவார்கள். சிறுநீரை அடக்கிக்கொண்டே இருந்தால் சிறுநீர்த் தொற்று வரும் வாய்ப்பும் கூடுகிறது.

சாப்பிட்டவுடன் குடல் தானாகவே அசையத் தொடங்கும், அதனால் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு 5 முதல் 10 நிமிடம் அவனுக்கென்று ஒதுக்கினோம். மேலைநாட்டு டாய்லெட் என்றால் கால் தொங்கக் கூடாது, பாதம் பதிய ஒரு சின்ன ஸ்டூல் போடுங்கள். அந்த நேரத்தில் கதவைத் தட்டக் கூடாது என்று ஒரே ஒரு விதி வைத்தோம். மருந்தோடு சேர்த்து இதைச் செய்ததில் சில வாரங்களில் சரியானான்.

குளியலும் டாய்லெட்டும் ஒரே அறையில் இருந்தால் இரண்டுக்கும் நடுவில் கனமான, ஒளி ஊடுருவாத திரை ஒன்று மாட்டலாம். சின்ன வயதில் அது போதும். வளர்ந்த பிள்ளைகளுக்குப் போதாது, குளிப்பவர்தான் துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்து இடம் கொடுக்க வேண்டும். அதனால் குளிக்கப் போவதற்கு முன், வேறு யாருக்காவது போக வேண்டுமா என்று ஒரு குரல் கேட்டுவிட்டுப் போகப் பழக்குங்கள். பாதித் தகராறு அங்கேயே தீர்ந்துவிடும்.

ஒருவருக்கு எத்தனை நிமிடம் கொடுப்பது நியாயம்? கடைசியில் போகிறவருக்குச் சுடுதண்ணீரே இருப்பதில்லை.

நிமிடத்தைவிடத் தண்ணீரைக் கணக்குப் பாருங்கள். 15 லிட்டர் கீசரில் 60 டிகிரி வரை சூடான தண்ணீர் நிறைந்திருக்கிறது, குழாய்த் தண்ணீர் 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கலந்து குளிக்கிற பதமாக 40 டிகிரிக்குக் கொண்டு வந்தால் மொத்தமாகக் கிடைப்பது ஏறக்குறைய 35 லிட்டர். பக்கெட் என்றால் இரண்டு பக்கெட். நிமிடத்துக்கு 9 லிட்டர் கொட்டும் ஷவர் என்றால் நான்கு நிமிடம்கூட முழுசாக வராது. காலியான தண்ணீர் மறுபடி அதே சூட்டுக்கு வர 2,000 வாட் கீசருக்குச் சுமார் 18 நிமிடம் ஆகும். 25 லிட்டர் கீசர் என்றால் அரை மணி நேரம்.

இந்தக் கணக்கை நான் நடுப்பையனோடு உட்கார்ந்து போட்டேன். தான் 12 நிமிடம் ஷவரில் நின்றால் அக்காவுக்கு ஏன் பச்சைத் தண்ணீர் வருகிறது என்று அப்போதுதான் அவனுக்கே புரிந்தது. அதற்குப் பிறகு சோப்புப் போடும்போது ஷவரை மூடிவிடுகிறான். இருவருக்கு நடுவில் 20 நிமிடம் விட முடிகிற மாதிரி வரிசையை அமைத்தாலும் பிரச்சினை தீரும். அந்த 20 நிமிடத்தில் மூன்றாவது ஆள் பல் தேய்த்து, டாய்லெட் போய்விட்டு வரலாம், அதற்குச் சுடுதண்ணீர் தேவையில்லையே.

பெரிய பிள்ளை போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனால் வெளியே வருவதே இல்லை. கதவைத் தட்டலாமா?

போன் உள்ளே போகக் கூடாது என்பது நியாயமான விதிதான், ஆனால் அது பெற்றோருக்கும் சேர்த்துத்தான். கழிப்பறையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருப்பது ஆசனவாய் ரத்தக் குழாய்களுக்கு அழுத்தம் கொடுக்கும், மூலத்துக்கு அது ஒரு காரணமாகலாம், இதைச் சொன்னால் பெரிய பிள்ளைகள் கேட்டுக்கொள்வார்கள். கதவுக்கு வெளியே ஒரு கூடை அல்லது அலமாரித் தட்டு வையுங்கள், போனுக்கு அதுதான் இடம்.

ஆனால் இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. தம்பி தங்கையோடு ஒரே அறையில் படுக்கிற பிள்ளைக்கு, வீட்டிலேயே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள முடிகிற ஒரே இடம் பாத்ரூம்தான். அவள் தேடுவது பத்து நிமிடத் தனிமையாக இருக்கலாம். அதை வேறு எங்காவது கொடுங்கள். எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் முக்கால் மணி நேரம் படுக்கையறை பெரியவளுக்கு மட்டும், தம்பிகள் உள்ளே போகக் கூடாது. பாத்ரூமில் அவள் இருக்கும் நேரம் அதற்குப் பிறகு இன்னும் குறைந்தது.

திடீரென்று ஒரு பிள்ளை வழக்கத்துக்கு மாறாக அதிக நேரம் உள்ளே இருக்கத் தொடங்கினால், கதவைத் தட்டிக் கத்துவதற்குப் பதிலாக அப்புறம் தனியாகக் கூப்பிட்டு விசாரியுங்கள். மலச்சிக்கலாக இருக்கலாம், மாதவிடாய் வலியாக இருக்கலாம், யாருக்கும் தெரியாமல் அழுகிற இடமாகவும் இருக்கலாம்.

அண்ணன் தங்கை, அக்கா தம்பி ஒரே பாத்ரூம். எந்த வயதிலிருந்து தனித்தனியாகக் குளிக்க வைக்க வேண்டும்?

இதற்கென்று நாள் குறித்த வயது எதுவும் இல்லை. இருவரில் ஒருவருக்குக் கூச்சம் வந்துவிட்டால் அன்றோடு நிறுத்திவிட வேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் பருவ மாற்றம் பெரும்பாலும் 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்கும், அதற்கு வெகு முன்னாலேயே பல பிள்ளைகள் தனியாகக் குளிக்க வேண்டும் என்று கேட்பார்கள். கேட்டால் சிரிக்காதீர்கள், சின்ன உடம்புக்கு என்ன வெட்கம் என்று கிண்டல் செய்யாதீர்கள். தன் உடம்பு தன்னுடையது என்று ஒரு பிள்ளை முதல் முறையாகச் சொல்கிற இடம் இது.

கதவு மூடியிருந்தால் தட்ட வேண்டும், பதில் வந்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். நீங்களும்தான். தாழ்ப்பாள் விஷயத்தில் மட்டும் கவனம் தேவை: அவசரத்தில் வெளியிலிருந்து ஒரு நாணயத்தையோ ஸ்க்ரூடிரைவரையோ வைத்துத் திருப்பித் திறக்கிற மாதிரியான பூட்டு கிடைக்கிறது, சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு அதுதான் நல்லது. உள்ளே வழுக்கி விழுந்தாலோ பூட்டத் தெரிந்து திறக்கத் தெரியாமல் மாட்டிக்கொண்டாலோ கதவை உடைக்க வேண்டியிருக்காது.

மாதவிடாய் நாட்களில் பெண் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு செய்வது? தம்பிகள் கண்ணில் படுமே?

பட்டால் படட்டும். நாப்கின் பாக்கெட் பிரஷ், பேஸ்ட் இருக்கிற அலமாரியிலேயே, அவள் கைக்கு எட்டுகிற தட்டில் இருக்கட்டும். அவளுக்கே கூச்சமாக இருந்தால் ஒரு துணிப்பையில் போட்டு மாட்டிக்கொள்ளட்டும், அது அவள் முடிவு. மூடி உள்ள குப்பைத்தொட்டி ஒன்று கண்டிப்பாக வேண்டும், காலால் மிதித்துத் திறப்பது என்றால் இன்னும் வசதி. பயன்படுத்தியதைக் காகிதத்தில் சுருட்டி அதில் போட வேண்டும், ஃபிளஷ் செய்யவே கூடாது, நாப்கின் தண்ணீரை உறிஞ்சி ஊதி குழாயை அடைத்துக்கொள்ளும். பொதுவாக 4 முதல் 8 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பதால் அந்த நாட்களில் அவள் உள்ளே போக வேண்டிய தேவை கூடுதலாக இருக்கும், வரிசையில் அவளுக்கு முன்னுரிமை கொடுத்துவிடுங்கள்.

தம்பி கேட்டால் நான்கு வரியில் உண்மையைச் சொல்லிவிடலாம். என் 11 வயதுப் பையனுக்குச் சொன்னேன். அடுத்த மாதம் தொட்டி நிறைந்திருப்பதைப் பார்த்து அவனாகவே குப்பைப் பையைக் கட்டி வெளியே வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனான்.

எதைப் பொதுவாக வைக்கலாம், எதை வைக்கவே கூடாது?

டூத்பிரஷ், ரேசர், துண்டு, சீப்பு, நகவெட்டி ஐந்தும் தனித்தனி. இதில் ரேசர்தான் ரொம்ப முக்கியம். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் அதில் ஒட்டியிருந்தாலும் ஹெபடைடிஸ் பி போன்ற கிருமிகள் பரவக்கூடும், அந்த வைரஸ் உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். அண்ணனுக்கு மீசை முளைக்கத் தொடங்கியதும் அவனுக்கென்று தனி ரேசர் வாங்கிக் கொடுத்துவிடுங்கள், அப்பாவுடையதை எடுத்துப் பயன்படுத்த விடாதீர்கள். படர்தாமரை மாதிரியான தோல் பூஞ்சை துண்டு வழியாகப் பரவும். பேன் பெரும்பாலும் தலையும் தலையும் ஒட்டும்போது பரவுவது, இருந்தாலும் சீப்பைத் தனியாகவே வையுங்கள்.

பிரஷ்களை ஒரே டம்ளரில் திணித்து வைத்தால் ஒன்றின் தலை இன்னொன்றின் மேல் சாயும். ஒன்றோடு ஒன்று படாமல், நிமிர்ந்து, காற்றில் உலரும்படி வையுங்கள், மூடி போட வேண்டாம், ஈரம் உள்ளேயே தங்கிவிடும். 3, 4 மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். பேஸ்ட் பொதுவாக இருக்கலாம், அளவு மட்டும் வேறு: 3 வயதுக்குக் கீழே அரிசி மணி அளவு, 3 முதல் 6 வரை பட்டாணி அளவு. ஷாம்பு, கை கழுவும் சோப்பு, வாளி எல்லாம் பொதுவாக இருப்பதில் தவறில்லை. குளியல் சோப்பைப் பகிர்ந்தாலும் பெரிய ஆபத்து இல்லை, ஆனால் தண்ணீர் வடிகிற டப்பாவில் இருக்க வேண்டும், குழகுழவென்று ஊறிக் கிடக்கக் கூடாது.

துண்டு மாறிப்போகிறதா? ஆளுக்கு ஒரு நிறம், நிறத்துக்கு ஒரு கொக்கி. கடைக்குட்டியின் கொக்கி அவன் உயரத்தில் இருக்க வேண்டும். எட்டாத கொக்கியில் எந்தப் பிள்ளையும் துண்டைப் போடாது, தரையில்தான் போடும்.

"என் ஷாம்புவை அவள் தீர்த்துவிட்டாள்" என்று தினம் ஒரு பஞ்சாயத்து. என்ன செய்வது?

தன் காசில் வாங்கியது, முகப்பருவுக்கு என்று டாக்டர் கொடுத்தது இதெல்லாம் பாத்ரூமில் இருக்கவே வேண்டாம். ஆளுக்கு ஒரு கைப்பிடிக் கூடை, குளிக்கப் போகும்போது எடுத்துப் போய், வரும்போது எடுத்து வந்துவிட வேண்டும். உள்ளே இருப்பது எல்லோருக்கும் பொது. இவ்வளவுதான்.

சுத்தம் செய்வது யார் பொறுப்பு? கடைசியில் நான்தான் தேய்க்கிறேன்.

இரண்டு வகை வேலை இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. தினசரி வேலை அவரவர் பொறுப்பு: தண்ணீரை வைப்பரால் தள்ளிவிட வேண்டும், வடிகால் வாயில் சிக்கிய முடியை எடுத்துக் குப்பையில் போட வேண்டும், வாஷ்பேசினில் ஒட்டிய பேஸ்டைக் கழுவிவிட வேண்டும், அழுக்குத் துணியை எடுத்துக்கொண்டு வர வேண்டும். ஒரு நிமிட வேலை. நாங்கள் இதைக் கதவின் உட்பக்கம் நான்கு படமாக வரைந்து ஒட்டினோம், 6 வயதுக்காரனும் பார்த்துச் செய்கிறான். வைப்பர் கைக்கு எட்டும் இடத்தில் தொங்க வேண்டும், மூலையில் பக்கெட்டுக்குப் பின்னால் சாத்தி வைத்தால் யாரும் எடுக்க மாட்டார்கள்.

வாராந்திர வேலையை வயதுக்கு ஏற்றபடி பிரியுங்கள். சின்னவன் குவளையும் சோப்பு டப்பாவும் கழுவுவான், நடுவில் உள்ளவன் பேசினும் தரையும், பெரியவள் டாய்லெட். மாற்றி மாற்றிச் செய்யட்டும். ஆண் பிள்ளையை டாய்லெட் தேய்ப்பதிலிருந்து விலக்கி வைக்காதீர்கள், எங்கள் அம்மா அந்தத் தவறைச் செய்தார், அண்ணன்கள் இருவரும் கடைசிவரை ஒரு பிரஷைத் தொட்டதில்லை, தேய்த்தது நாங்கள் மூன்று பெண்களும்தான். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

வடிகாலுக்கு ஒரு சல்லடை மூடி வாங்கிப் போடுங்கள். நீள முடி உள்ள வீட்டில் அது இல்லாமல் முடியாது. அடைத்துக்கொண்டால் முதலில் கையுறை போட்டு, வளைந்த கம்பியால் முடியை இழுத்து எடுத்துப் பாருங்கள், அடைப்பு நீக்கும் ரசாயனம் கடைசி வழியாக இருக்கட்டும்.

டாய்லெட் சீட் எப்போதும் நனைந்தே கிடக்கிறது. பெண் பிள்ளைகள் அருவருக்கிறார்கள்.

பையன்கள் வீட்டிலாவது உட்கார்ந்து சிறுநீர் கழிக்கப் பழகட்டும், பிரச்சினை அன்றே முடிந்தது. நின்றுதான் போவேன் என்றால் சீட்டைத் தூக்க வேண்டும், பிறகு துடைத்துவிட்டு இறக்க வேண்டும். தண்ணீர்க் குழாயைப் பயன்படுத்தியதால் நனைந்தாலும் துடைப்பது நனைத்தவர் வேலை. துடைக்கிற காகிதமோ துணியோ எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

சுத்தம் செய்யும் திரவங்களைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா?

பேசினுக்கும் தரைக்கும் சோப்புத் தண்ணீரும் பிரஷும் போதும், அதைத் தாராளமாகக் கொடுக்கலாம். பிளீச், ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனர் இரண்டும் பெரியவர்கள் கையில்தான் இருக்க வேண்டும், உயரத்தில் பூட்டி வைக்க வேண்டும். பிளீச்சையும் ஆசிட் கிளீனரையும் சேர்த்து ஊற்றினால் குளோரின் வாயு வெளிப்படும். பிளீச்சோடு அம்மோனியா கலந்த திரவம் சேர்ந்தால் குளோரமின் வாயு. இரண்டும் மூச்சுக்குழாயைப் பாதிக்கும், மூடிய சின்ன அறையில் இன்னும் ஆபத்து. இரண்டு திரவத்தை ஒன்றாக ஊற்றினால் பளிச்சென்று ஆகும் என்று பெரிய பிள்ளைகள் தாங்களாகவே முயற்சி செய்து பார்ப்பார்கள், அதனால் பெரியவர்களான பிறகும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

அக்கா தம்பியைக் குளிப்பாட்டட்டும் என்று விடலாமா?

உதவிக்கு விடலாம், பொறுப்பை ஒப்படைக்கக் கூடாது. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தை தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கும்போது ஒரு பெரியவர் கை எட்டும் தூரத்தில் இருந்தே ஆக வேண்டும். 5 சென்டிமீட்டர் ஆழத் தண்ணீரே ஒரு குழந்தை மூழ்கப் போதும், சத்தமும் வராது. அடுத்தவருக்கு உதவியாக இருக்கும் என்று பக்கெட்டை நிரப்பி வைத்துவிட்டு வருகிற பழக்கம் நல்ல எண்ணத்தில் வருவதுதான், ஆனால் தவழ்கிற, தத்தி நடக்கிற குழந்தை உள்ள வீட்டில் அதைக் கண்டிப்பாக நிறுத்துங்கள். பக்கெட் காலியாக, கவிழ்த்து இருக்க வேண்டும்.

சுடுதண்ணீருக்கும் ஒரு வரிசை உண்டு: முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் சுடுதண்ணீர், கையால் நன்றாகக் கலக்கி, முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் பிள்ளை. 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலைச் சுட்டுவிடும், பிள்ளைகளின் தோல் இன்னும் மெல்லியது. குழாயில் வருவது 49 டிகிரியைத் தாண்டாமல் இருப்பது பாதுகாப்பு. கீசரில் சூடு அதிகம் வைக்க வேண்டியிருந்தால் குழாய்க்கு முன்னால் கலப்பு வால்வு பொருத்தலாம்.

ஒருவருக்கு வயிற்றுப்போக்கோ கண்நோயோ வந்துவிட்டது. இருப்பது ஒரே பாத்ரூம். எப்படித் தப்பிப்பது?

வயிற்றுப்போக்கும் வாந்தியும் என்றால், நோய்வாய்ப்பட்ட பிள்ளை போய்விட்டு வந்த பிறகு சீட், ஃபிளஷ் பட்டன், குழாய்த் திருகு, கதவுக் கைப்பிடி நான்கையும் ஒரு பெரியவர் கையுறையோடு துடைக்க வேண்டும், நீர்த்த பிளீச் நல்லது. எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கிருமிநாசினி ஜெல்லை நம்பி இருக்காதீர்கள், வாந்தி பேதி உண்டாக்கும் நோரோவைரஸை அது சரியாக அழிக்காது. நின்ற பிறகும் இரண்டு நாளாவது இந்தக் கவனம் தொடர வேண்டும், அதற்குப் பிறகும் கிருமி வெளியேறிக்கொண்டிருக்கலாம்.

கண்நோய்க்குத் துண்டுதான் முதல் எதிரி. அந்தப் பிள்ளையின் துண்டைப் பாத்ரூமிலேயே வைக்காதீர்கள், தனியாக, அவர்கள் கட்டில் பக்கத்தில் மாட்டுங்கள், தினமும் துவையுங்கள். மற்றவர்களுக்குப் பிறகு கடைசியாகக் குளிக்கட்டும்.

எவ்வளவு தேய்த்தாலும் மூலைகளில் கருப்புப் பூஞ்சை, ஒரு மாதிரி வாடை. ஏன்?

மூன்று பேர் அடுத்தடுத்துக் குளிக்கிற அறை காயவே நேரம் கிடைப்பதில்லை, அதுதான் காரணம். ஈரமான பரப்பு 24 முதல் 48 மணி நேரத்தில் காயாவிட்டால் பூஞ்சைக்கு அது போதும். கடைசி ஆள் வந்த பிறகு எக்ஸாஸ்ட் ஃபேன் 20, 30 நிமிடம் ஓடட்டும், கதவும் ஜன்னலும் திறந்திருக்கட்டும். ஈரத் துண்டு, ஈரத் துணி எதுவும் உள்ளே தங்கக் கூடாது. வாடை வடிகாலிலிருந்து வந்தால் அதன் அடியில் தண்ணீர் நிற்கும் வளைவு காய்ந்திருக்கிறதா, முடியும் சோப்பும் சேர்ந்து அழுகியிருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவும் செய்தோம். எத்தனை நாளில் சரியாகும்?

கண்ணாடியையும் கொக்கியையும் மாற்றியதன் பலன் ஒரே வாரத்தில் தெரியும். வைப்பர் போடுகிற பழக்கம் வர எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது, இன்றும் வாரத்தில் ஒரு நாள் யாராவது மறந்துவிடுவார்கள், கூப்பிட்டுச் செய்ய வைக்கிறேன். நடுவில் தகராறு வந்தால் அந்த நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லாதீர்கள், எல்லோரும் கிளம்பும் அவசரத்தில் இருப்பார்கள். ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகு பத்து நிமிடம் உட்கார்ந்து, யாருக்கு என்ன இடைஞ்சல் என்று ஒவ்வொருவராகச் சொல்ல விடுங்கள், கடைசிப் பிள்ளையை முதலில் பேச விடுங்கள்.

முதலில் எழுதிய அந்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரியவளுக்கு இந்த வருடம் காலையில் சிறப்பு வகுப்பு ஆரம்பித்தது, போட்டு வைத்த வரிசை மொத்தமும் குலைந்தது, பழையபடி கதவுத் தட்டல். போன வாரம் மறுபடி மூன்று நாள் எழுதினோம். இந்த முறை எழுதியது நான் இல்லை, கடைக்குட்டி. மணி பார்க்க இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறான்.